முதல் அறுவைக்கு முன்: மகளிர் புற்றுநோய் வல்லுநரின் இடம்

கருப்பை, கருப்பைவாய், சினைப்பை முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களுக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவரே மகளிர் புற்றுநோய் வல்லுநர். இந்தியாவில் மகளிர் நோய் மருத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின் எம்.சிஎச். என்னும் உயர்சிறப்புப் படிப்பை இத்துறையில் முடித்தவர்கள் இவ்வகையினர். கடினமான அறுவைகளைச் செய்பவர் என்றே இவரைக் கருதும் வழக்கம் மருத்துவர்களிடமும் உண்டு. அது பாதி உண்மையே. எவருக்கு எந்த அறுவை, அறுவையே தேவைதானா என்று முடிவு செய்வதில்தான் இவர் பணியின் எடை இருக்கிறது. அம்முடிவு முதல் அறுவைக்கு முன்பே எடுக்கப்படாவிடில் பின்னர் வரும் வல்லுநர் செய்யக்கூடியது வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

சினைப்பைக் கட்டி இதற்குத் தெளிவான சான்று. நோய் ஒரு சினைப்பையின் உறைக்குள் அடங்கியிருந்தால் அது 1ஏ நிலை. சாதாரண நீர்க்கட்டி என்றெண்ணி லேப்ராஸ்கோப்பியில் எடுக்கும்போது உறை கிழிந்து உள்ளிருப்பது வயிற்றறைக்குள் சிந்தினால், அதே நோய் அறுவை மேசையிலேயே 1சி1 நிலைக்கு ஏறி, தவிர்த்திருக்கக்கூடிய கீமோதெரபியும் தேவைப்படலாம். இதை முன்கூட்டி ஐயுறுவதற்கு 1990-இல் பிரிட்டனில் வகுக்கப்பட்ட இடர்க் குறியீடு பயன்படுகிறது. இரத்தத்தில் உள்ள சி.ஏ.-125 அளவை, ஸ்கேனில் காணும் ஐயக்கூறுகளுக்கான மதிப்பாலும், மாதவிலக்கு நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1 என்னும் எண்ணாலும் பெருக்குவதே அது. சி.ஏ.-125 அளவு 80, ஸ்கேன் மதிப்பு 1 எனில் முப்பது வயதுப் பெண்ணுக்குக் குறியீடு 80. மாதவிலக்கு நின்ற அறுபது வயதுப் பெண்ணுக்கு அதுவே 240. வல்லுநரிடம் அனுப்புவதற்குப் பரவலாகக் கொள்ளப்படும் வரம்பு 200. மாவட்ட மருத்துவமனையிலும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

கருப்பைவாய்ப் புற்றுநோயில் பிழையின் விலை இன்னும் கூடுதல். உதிரப்போக்குக்காக, கருப்பைவாயைப் பரிசோதிக்காமலே கருப்பையை அகற்றிவிட்டு, திசு ஆய்வறிக்கை வந்தபின் புற்றுநோயென அறிவது இந்நாட்டில் அரிதன்று. கருப்பைவாயை ஒட்டிய பக்கத் திசுக்களுக்குப் பரவிய 2பி நிலை முதல் முதன்மைச் சிகிச்சை கீமோதெரபியுடன் கூடிய கதிர்வீச்சே ஆதலின், அங்கு அறுவையைத் தவிர்ப்பதே வல்லுநரின் திறன். தொடக்க நிலையிலும் அறுவை முறை பொருட்படும்: 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில் நான்கரை ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தோர் வயிற்றைத் திறந்து செய்த அறுவையில் 96.5 விழுக்காடு, சிறுதுளை அறுவையில் 86 விழுக்காடு மட்டுமே. சிறு தழும்பை விளம்பரப்படுத்தும் மருத்துவமனைகள் இந்த எண்களைச் சொல்வதில்லை.

வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்க, எல்லாரையும் அங்கு அனுப்புவது இயலுமா என்பது நியாயமான கேள்வி. எல்லாக் கட்டிகளையும் அனுப்ப வேண்டியதில்லை. ஐயத்துக்குரியவற்றை அறுக்காமல் அனுப்பினால் போதும். 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையமும், காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அரசு மருத்துவமனையும் ஏழைகளுக்கும் திறந்தவை. மருத்துவரைத் தேர்வோர், பெயர்ப்பலகையிலுள்ள 'கேன்சர்' என்ற சொல்லைவிட அவர் பெற்ற பட்டத்தையும், கதிர்வீச்சு, கீமோதெரபி, நோயியல் மருத்துவர்களோடு கூடி முடிவெடுக்கும் குழு அங்குண்டா என்பதையும் கேட்டறிய வேண்டும். புற்றுநோய் அறுவை மருத்துவர்கள் பலரும் இத்துறையில் தேர்ந்தவர்களே. அறுவை முன்பே நடந்துவிட்டிருந்தால், அறுவைக் குறிப்பு, திசு ஆய்வறிக்கை, சிலைடுகள், மெழுகுக் கட்டிகள் ஆகியவற்றை முதல் மருத்துவமனையிலிருந்து கேட்டுப் பெற்று, காலம் தாழ்த்தாமல் வல்லுநரிடம் செல்ல வேண்டும்.