பகுத்தறிவாளர் ஏந்திய சவுக்கு

கி.பி. 833ஆம் ஆண்டு. பாக்தாத் ஆளுநர் இஸ்ஹாக் இப்னு இப்ராஹீமின் மன்றத்தில் கற்றோர் பலர் நிறுத்தப்பட்டிருக்கின்றனர். நீதிபதிகள், மறைவல்லார், நபிமொழிகளைத் தேடித் தேடியே தலை நரைத்தவர்கள். களவு செய்தவரல்லர் இவர்கள், கலகம் விளைத்தவருமல்லர். கலீபா மாமூன் ரக்கா நகரிலிருந்து விடுத்த மடல் படிக்கப்படுகிறது. முடிந்ததும் ஒருவர் பின் ஒருவராக அழைத்து, ஒரே ஒரு கேள்வி: திருக்குர்ஆன் படைக்கப்பட்டதா, இல்லையா?

பிஷ்ர் இப்னு அல் வலீத் என்ற முதிய நீதிபதி, அது இறைவனின் சொல் என்று மட்டும் கூறி ஒதுங்கப் பார்த்தார். ஆளுநர் விடவில்லை. இறைவனே எல்லாப் பொருளையும் படைத்தவன் என்று ஒப்பவைத்தார். குர்ஆனும் ஒரு பொருளே என்று ஒப்பவைத்தார். பிறகென்ன, படைக்கப்பட்டதென்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றார். கிழவர், அது படைப்பவன் அன்று என்பதோடு வாயை மூடிக்கொண்டார். தர்க்கத்தில் தோற்றவர்தான், ஆனால் அவர் எதிரே இருந்தது தர்க்கம் மட்டுமா? காவலர் நின்றனர், விலங்கு காத்திருந்தது.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். அந்த மன்றத்திலே, குர்ஆன் நபிகள் நாயகம் தாமே புனைந்த நூல் என்று எவரும் வாதிடவில்லை. இரு சாராருக்கும் அது இறைவனின் சொல்லே. அந்தச் சொல் இறைவனைப் போலவே தொடக்கமற்றதா, அல்லது உலகையும் மனிதனையும் படைத்தது போல் ஒரு காலத்தில் அவனால் ஆக்கப்பட்டதா என்பதே வழக்கு. மயிர் பிளக்கும் வாதம் என்று தோன்றும். அன்று! தொடக்கமற்ற நூல் என்றால், அதற்குக் காலமில்லை, இடமில்லை; ஓதிப் பணிவதே கடன். காலத்திலே ஆக்கப்பட்ட நூல் என்றால், எக்காலத்து மக்களுக்கு, எந்நிலையில், எதற்காக என்று கேட்க வழி பிறக்கிறது. மனித அறிவு உள்ளே நுழைய ஒரு கதவு திறக்கிறது.

அந்தக் கதவைத் தட்டியவர்கள் முஃதசிலாக்கள். பஸ்ராவில் ஹசன் பஸ்ரீயின் அவையை விட்டு விலகிய வாசில் இப்னு அத்தாவிடம் தொடங்கியது அவர்கள் மரபு என்பர். விலகியவர்கள் என்பதே பெயரின் பொருள். ஒருமையும் நீதியும் அவர்களுடைய இரு தூண்கள். இறைவன் ஒருவனே என்றால், அவனோடு தொடக்கமின்றி இன்னொன்று எப்படி இருக்க முடியும்? எழுத்தின் பின் எழுத்தாக, ஒலியின் பின் ஒலியாக வருவது வாக்கியம். முன்னும் பின்னும் உடையது முதலற்றதாவது எங்ஙனம்? குர்ஆனை அரபு மொழியில் 'ஆக்கினோம்' என்று மறையே சொல்கிறதே, ஆக்கப்பட்டது படைக்கப்பட்டதல்லவா? இப்படி அடுக்கினர்.

நீதியின் பக்கமிருந்து வந்த கேள்வி இன்னும் கூரியது. நபிகளை எதிர்த்த அபூ லஹபைச் சபிக்கும் அத்தியாயம் ஒன்று மறையில் இருக்கிறது. அவன் பிறக்குமுன்பே, உலகம் தோன்றுமுன்பே அச்சாபம் எழுதப்பட்டிருந்ததென்றால், அவன் மீது குற்றம் எது? 761இல் மறைந்த அம்ரு இப்னு உபைத் இதைக் கேட்டதாகச் சொல்வார்கள். விதியென்று சொல்லி ஏழையை அடக்கிவைக்கும் நாட்டிலே வாழ்வோருக்கு இக்கேள்வியின் அருமை புரியும்!

கேட்டதற்கு விலையும் கொடுத்தனர் முன்னோடிகள். குர்ஆன் படைக்கப்பட்டதென்று முதலில் சொன்னவராகக் குறிக்கப்படும் ஜஅத் இப்னு திர்ஹம் உமையா ஆட்சியில் கொல்லப்பட்டார். அவர் கருத்தைப் பரப்பிய ஜஹ்ம் இப்னு சஃப்வானும் 746இல் கொல்லப்பட்டார். வாளின் கீழே வளர்ந்த கருத்து அது. அதனால்தான் பின்னே நடந்தது நெஞ்சை உறுத்துகிறது.

மாமூன் சாமானிய மன்னனல்லன். ஹாரூன் அல் ரஷீதின் மைந்தன். கிரேக்க நூல்களை அரபியில் ஆக்கப் பொருளை வாரி இறைத்தவன். பூமியின் சுற்றளவை அளக்கப் பாலைவனத்துக்கு அறிஞர்களை அனுப்பியவன். அல் குவாரிஸ்மி அவன் காலத்தவர். அறிவின் மீது அவனுக்கிருந்த காதல் பொய்யன்று. ஆனால் தம்பி அமீனோடு போரிட்டு, அவன் தலை வீழ்ந்த பின் அரியணை ஏறியவன். அந்தப் போரால் சிதைந்த பாக்தாதுக்கு 819இல்தான் வந்து சேர்ந்தான். அங்கே மக்கள் யாரை மதித்தனர்? அரண்மனையையா? இல்லை, தெருவிலே எளிமையாய் வாழ்ந்த நபிமொழி வல்லாரை. எது மார்க்கம் என்று சொல்லும் உரிமை கலீபாவுக்கா, அவர்களுக்கா? 827இல் குர்ஆன் படைக்கப்பட்டதே என்று மாமூன் அறிவித்ததற்கும், ஆறாண்டுக்குப் பின் விசாரணையைத் தொடங்கியதற்கும் அடியிலே இந்தக் கேள்வி கிடந்தது. அவனை முஃதசிலா என்றே எழுதிவிடுவது வழக்கம், அவ்வளவு எளிதன்று. அக்கூட்டத்தைச் சேராத பிஷ்ர் அல் மரீசீயும் இதே கொள்கையைப் பரப்பியவர்தான். ஆயினும் தலைமை நீதிபதியாகி அந்த விசாரணையை நடத்திய அகமது இப்னு அபீ துவாத் முஃதசிலாக்களின் நண்பர். பழியை அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

மாமூனின் மடலிலே வாதம் இருந்தது. குர்ஆனைத் தொடக்கமற்றதென்போர், மரியாளின் மைந்தன் படைக்கப்படாதவன் என்னும் கிறித்தவரைப் போலாகின்றனர் என்றான். நல்ல வாதம். மன்றத்தில் வைத்து மறுமொழி கேட்டிருக்கலாம். ஆனால் மடல், மறுப்பவன் நீதிபதியாக இருக்கக்கூடாது, அவன் சாட்சியம் செல்லாது என்றும் சொன்னது. முதலில் எழுவர் ரக்காவுக்கே வரவழைக்கப்பட்டனர், எழுவரும் பணிந்தனர். பாக்தாதிலே அடுத்த கூட்டம், பெரும்பாலோர் பணிந்தனர். நால்வர் எஞ்சினர். விலங்கு பூட்டியதும் இருவர் இணங்கினர். மிஞ்சியவர் இருவரே: அகமது இப்னு ஹன்பல், இளைஞர் முஹம்மது இப்னு நூஹ்.

இருவரையும் விலங்கோடு தார்சஸ் நோக்கி அனுப்பினர். வழியிலேயே மாமூன் இறந்த செய்தி வந்தது. திரும்பும் வழியில் முஹம்மது இப்னு நூஹ் இறந்தார். அகமது மட்டும் சிறை புகுந்தார்.

நெடுநாள் சிறைக்குப் பின் புதிய கலீபா முஃதசிமின் முன் நிறுத்தினர். வாதங்களை அடுக்கினர். அவரோ, இறைநூலிலிருந்தோ நபி வழியிலிருந்தோ சான்று காட்டுங்கள் என்பதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் கொள்கை நமக்கு உடன்பாடன்று. கேள்வியைத் தடுக்கும் கொள்கை அது. ஆனால் அரசவைப் பொன்னைத் தொடாத ஏழை, தன் மனத்துக்குப் பொய்யென்று பட்டதை உயிருக்கஞ்சிச் சொல்ல மறுத்து நின்றாரே, அதை மதியாமல் இருப்பது எப்படி? சவுக்கால் அடித்தனர். மயங்கி விழும்வரை அடித்தனர். அவர் இறுதிவரை பணியவில்லை என்பர் அவர் வழியினர். பணிந்தார் என்பர் மறுதரப்பினர்.

அந்த மறுதரப்பிலே நின்று எழுதியவர் யார் தெரியுமா? ஜாஹிஸ்! அரபு உரைநடையின் மன்னர், நகைச்சுவைக்கு இணையற்றவர், முஃதசிலா. அகமதுக்கு விழுந்தது முப்பது அடிதான், அதுவும் முனை நறுக்கிய சவுக்கால்தான் என்று அவர் கணக்குச் சொன்னார். மனிதனின் மடமையை எள்ளி நகையாடிய பேனா, சவுக்கின் முனையை அளந்துகொண்டிருந்தது.

முஃதசிமுக்குப் பின் வாசிக் (842–847). எகிப்திலே பள்ளிவாசல்களின் மீது, இறைவன் படைக்கப்பட்ட குர்ஆனின் அதிபதி என்று எழுதிவைக்க ஆணையிட்டனர். இமாம் ஷாஃபியின் மாணவர் புவைத்தீயை அங்கிருந்து விலங்கிட்டுக் கொணர்ந்தனர். பாக்தாத் சிறையில் மாண்டார். 845இல் ரோமப் பேரரசோடு கைதிகளை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு நடந்தது. ஆண்டுக்கணக்கில் பகைவர் சிறையில் வாடிய முஸ்லிம்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றனர். மறுகரையிலே தாயகம். அங்கேயும் கேள்வி: குர்ஆன் படைக்கப்பட்டதா? ஆம் என்றவன் மீட்கப்பட்டான். மறுத்தவன் பகைவரிடமே விடப்பட்டான். அறிவின் பெயரால் நடந்தது இது! மறு ஆண்டு, கலகம் செய்யத் திட்டமிட்டதாகப் பிடிபட்ட அகமது இப்னு நஸ்ரிடம், கலகத்தைப் பற்றிக் கேட்காமல் குர்ஆனைப் பற்றியே கேட்டான் வாசிக். தன் கையாலேயே வாளெடுத்து வெட்டினான். தலை பாக்தாதிலே காட்சிக்கு வைக்கப்பட்டது.

847இல் முத்தவக்கில் வந்தான். விசாரணையை நிறுத்தினான். ஆனால் வாதிடும் உரிமையைத் தந்தானா? குர்ஆனைப் பற்றி வாதிடுவதையே தடுத்தான். 855இல் அகமது இப்னு ஹன்பல் மறைந்தபோது பாக்தாதே திரண்டது. அடிபட்டவரின் முதுகு, அவர் கொள்கைக்கு எந்த நூலும் தரமுடியாத சான்றாகிவிட்டது.

அதன் பின் பூட்டு மேல் பூட்டு. என் நா உச்சரிக்கும் ஒலி மட்டுமாவது படைக்கப்பட்டதுதானே என்று கேட்பதும் குற்றமாயிற்று. நபிமொழித் தொகுப்பால் உலகப் புகழ் பெற்ற புகாரீயே அந்த ஐயத்திற்கு ஆளாகி நிஷாப்பூரில் எதிர்ப்புக்குள்ளானார். அஷ்அரீ, முஃதசிலாவாக இருந்து விலகி, பொருள் தொடக்கமற்றது, ஒலியும் எழுத்தும் பின்வந்தவை என்னும் நடுவழிக்கு அடிகோலினார். அது நுட்பமான வழிதான். ஆனால் 1017இல் கலீபா காதிர் முஃதசிலாக் கருத்துடையோரைக் கழுவாய் தேடச் செய்தபோது நுட்பத்துக்கு இடமிருக்கவில்லை. அவன் பெயரால் அமைந்த சமய அறிக்கை, குர்ஆன் படைக்கப்பட்டதென்பவனின் குருதி சிந்தத் தக்கதென்றது. 1072இல் இப்னு அகீல் என்ற ஹன்பலி அறிஞரே, முஃதசிலா நூல்களை விரும்பிப் படித்ததற்காக, பலர் முன் தம் கருத்தை மறுத்துக் கையெழுத்திட நேர்ந்தது. சவுக்கு கைமாறியது.

முஃதசிலா நூல்கள் பல மறைந்தன. அவர்களுடைய பேரறிஞர் அப்துல் ஜப்பாரின் 'முக்னீ' என்னும் பெருநூலின் பெரும்பகுதி, 1951இல் எகிப்திய அறிஞர் குழு ஒன்று யேமன் சென்று தேடியபோதுதான், அங்குள்ள சைதிப் பிரிவினர் காத்துவைத்த ஏடுகளிலே கிடைத்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1897இல், முஹம்மது அப்துஹு தம் இறையொருமை நூலில், ஓதப்படும் குர்ஆன் படைக்கப்பட்டதே என்ற கருத்தை எழுதியிருந்தார். அடுத்த பதிப்பில் அந்தப் பகுதி இல்லை.

நஸ்ர் ஹாமித் அபூ சைத் கெய்ரோப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். குர்ஆன் இறைவனின் சொல்லே, ஆனால் மனித மொழியிலே, ஒரு காலத்துப் பண்பாட்டிலே வந்த சொல். ஆகவே அந்த மொழியையும் காலத்தையும் கொண்டே பொருள் காணவேண்டும் என்றார். 1995இல் எகிப்திய நீதிமன்றம் அவரை மதம் துறந்தவர் என்று கூறி, அவர் மனைவியிடமிருந்து மணவிலக்கே விதித்தது. கணவனும் மனைவியும் நெதர்லாந்துக்குச் சென்றனர், லெய்டனில் கற்பித்தார், 2010இல் கெய்ரோவில் மறைந்தார். மாணவராக இருந்தபோது முதல் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், முஃதசிலாக்கள் குர்ஆனுக்குப் பொருள் கண்ட முறை.