பட்டப்படிப்பின் நடுவே ஓராண்டு: வலிகாமம் கிழக்கில் ஒரு பழைய கேள்வி

விஞ்ஞான மாணவர் படிப்பின் நடுவே ஓராண்டைத் தொழிற்சாலையிலோ நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்திலோ ஊதியத்துடன் கழித்து, பின்னர் இறுதியாண்டுக்குத் திரும்பும் முறையைப் பிரித்தானியாவில் 'சாண்ட்விச்' படிப்பு என்பர். 1903இல் சண்டர்லாந்துத் தொழினுட்பக் கல்லூரி பொறியியல் மாணவருக்கு வகுத்த ஏற்பாடு அதன் தொடக்கங்களுள் ஒன்று. 1906இல் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், படிப்புத் தவணையும் வேலைத் தவணையும் மாறிமாறி வரும் 'கூட்டுறவுக் கல்வி'யைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் அம்முறையின்மீதே எழுந்தது. சண்டர்லாந்தில் கப்பல் கட்டும் தளங்களும் சின்சினாட்டியில் இயந்திரத் தொழிற்சாலைகளும் கல்லூரிக்கு அருகிலேயே இருந்தன என்பதை இம்முறையைப் புகழ்வோர் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர். யாழ்ப்பாணம் பருத்தித்துறை வீதியில், செம்மண்ணும் கிணற்று நீரும் வளர்த்த வாழைத் தோட்டங்களுக்குப் பேர்போன நீர்வேலியில், படிப்பின் நடுவே இத்தகைய ஓராண்டை ஒதுக்கலாமா என்ற கேள்வி எழும்போது முதலில் எதிர்ப்படுவது அந்த அருகாமைதான்.

தொழிலையும் படிப்பையும் பிணைத்துக்கொண்டோர் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். நீர்வேலியை அடுத்த சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்றபின் கோப்பாயில் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் சென்னை சென்று 'தினவர்த்தமானி' இதழை நடத்தி, அதன் பின்னரே 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். மற்றவரும் யாழ்ப்பாணத்தவரே: கறோல் விசுவநாதபிள்ளை. இவர்களுடைய வாழ்வில் வேலை பட்டத்தின் நடுவே வரவில்லை. அதற்கு முன்னரே வந்துவிட்டது.

விஞ்ஞானக் கல்விக்குள் வேலையையே பாடமாக வைத்த முயற்சியை மானிப்பாயிற் காணலாம். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்கு உடற்கூற்றியலையும் இரசாயனத்தையும் கற்பித்த அதே வளவில், அவர்களைக் கொண்டு மருந்து கலக்கச் செய்தும், நோயாளரைப் பார்வையிடச் செய்தும், சத்திரசிகிச்சைக்கு உதவச் செய்தும் பயிற்றினார். இப்படி அறுபதுக்கும் மேற்பட்டோர் வைத்தியராயினர். வகுப்பும் தொழிற்களமும் ஒரே கூரையின்கீழ் இருந்தமையால், பயிற்சிக்கென்று தனியே ஓராண்டை ஒதுக்குவதா விடுவதா என்ற தயக்கத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை. ஆயினும் பயிற்சி பெற்றவர் எங்கே போய்ச் சேர்வார் என்ற கேள்வி கிறீனை விடவில்லை. ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி ஊரைவிட்டு அகலுவதைக் கண்ட அவர், 1860களில் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியதோடு, 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' ஆகிய நூல்களையும் தமிழில் ஆக்கினார். தமிழிற் கற்றவர் கிராமத்திலேயே தொழில் செய்வர் என்பது அவர் கணக்கு. மொழித்தொண்டாகவே இன்று நினைவுகூரப்படும் இம்முயற்சியைப் பயிற்சியின் பயன் ஊரைவிட்டுப் போகாதிருக்க இட்ட அணை என்று வாசிப்பதே பொருத்தம்.

தொழிற்சாலைகள் வந்தது அதற்கு நெடுங்காலத்தின் பின்னராகும். 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை வலிகாமத்துச் சுண்ணக்கல்லைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கியது; அதே பத்தாண்டில் பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை எழுந்தது. உப்புநீரில் மின்னோட்டத்தைச் செலுத்தி எரிசோடாவையும் குளோரினையும் பிரித்தெடுப்பதாகிய மின்பகுப்பு, பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு முகவையில் நிகழ்வது, அங்கே தொன் கணக்கில் நிகழ்ந்தது. 1971ஆம் ஆண்டின் தேசிய பயிலுநர் சட்டம் பயிலுநர் முறைக்குச் சட்டவடிவம் தந்தது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது அதன் விஞ்ஞான பீடம் பழைய செமினரி இருந்த வட்டுக்கோட்டை மண்ணிலேயே முதலில் இயங்கிப் பின்னர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு இடம்பெயர்ந்தது. பீடமும் தொழிற்சாலைகளும் ஒரே நிலப்பரப்பில் இயங்கிய காலம் அதிகம் நீடிக்கவில்லை: போர் பரந்தனை முடக்கியது, 1990இல் காங்கேசன்துறையும் நின்றது. பட்டப்படிப்பின் நடுவே செல்லத்தக்க களம் இல்லாத பீடத்தில், மாணவர் பயிற்சியை விரும்பவில்லை என்று குறைகூறுவது நீதியாகாது.

இன்றைய நிலையில் நீர்வேலி மாணவருக்குத் திருநெல்வேலி, வீட்டுச் சாப்பாட்டை உண்டுவிட்டு சைக்கிளிலோ பஸ்ஸிலோ போய்வரும் தூரம். கணினித்துறையிலும் மருந்து, உணவு உற்பத்தியிலும் பயிற்சியிடங்களோ பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றையும் சார்ந்தவை. பயிலுநர் கொடுப்பனவு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாதபோது எஞ்சியதைத் தோட்டமே ஈடுசெய்ய வேண்டும். அரச நியமனங்களில் பட்டம் பெற்ற திகதி பார்க்கப்படுவதால், ஓராண்டுத் தாமதம் ஒரு நியமனச் சுற்றையே இழக்கச் செய்யலாம் என்ற அச்சமும் உண்டு. ஆசிரிய நியமனத்தை நம்பியிருக்கும் குடும்பத்தில் அது வீண் அச்சமன்று. மறுபுறம், தொழிற்களத்தைக் காணாத பட்டதாரி அந்த நியமனம் ஒன்றையே எதிர்பார்க்க வேண்டியவராகிறார். இவ்விரண்டில் எது பெரிய இழப்பு என்பது குடும்பத்தின் கையிருப்பையும் மாணவர் தேர்ந்த துறையையும் பொறுத்தது; கணினி மாணவருக்குச் செல்லும் விடை விலங்கியல் மாணவருக்குச் செல்லாது.

நீர்வேலிக்கு வடக்கே, போருக்குப் பின் இந்திய உதவியுடன் புனரமைக்கப்பட்ட அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை தூரத்தைச் சற்றுக் குறைத்திருக்கிறது. இருந்தும், மாணவர் ஒருவரை ஓராண்டு வைத்திருக்க ஒரு தொழிலகத்துக்கு இயந்திரம் மட்டும் போதாது. ஆய்வுகூடமும் வழிகாட்டும் விஞ்ஞானியும் வேண்டும். ஊரின் வாழைக்குலைகளிலேயே அத்தகைய வேலை இருக்கிறது: புகையூட்டிப் பழுக்கவைக்கும் பழைய முறையில் புகையிலுள்ள எதிலீன் வாயு பழுத்தலைத் தூண்டுகிறது, அதன் அளவும் வெப்பமும் தவறினால் குலை சந்தைக்குப் போகுமுன்பே பழுதாகிவிடுகிறது. இதை அளந்து ஒழுங்குபடுத்துவது தாவரவியல் அல்லது இரசாயனவியல் மாணவர் ஒருவருக்கு ஓராண்டு முழுவதும் போதுமான பணியாகும்.