போருக்குக் காரணம் கேட்டவர்கள்

1939 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டன் ஜெர்மனியின்மீது போர் அறிவித்தது. அன்றே இந்தியாவும் போரில் ஈடுபட்டிருப்பதாக வைசிராய் லின்லித்கோ பிரபு அறிவித்தார். மத்திய சட்டசபையையோ மாகாண அமைச்சரவைகளையோ அவர் கலந்தாலோசிக்கவில்லை. மதுக்கரைச் சிமெண்ட் ஆலைத் தொழிலாளியும், கோவைப் பஞ்சாலைத் தொழிலாளியும் தம் நாடு போரில் இறங்கிவிட்டதைப் பிறர் சொல்லியே அறிந்தனர்.

அப்போது எழுந்த ஐயத்தை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அது பகைவனுக்கு ஆதரவாக எழுந்த ஐயம் அன்று. செப்டம்பர் 14ஆம் நாள் வார்தாவில் காங்கிரஸ் செயற்குழு வெளியிட்ட அறிக்கை நாசிசத்தை வன்மையாகக் கண்டித்தது. அதோடு ஒரு கேள்வியையும் எழுப்பியது: இப்போரின் நோக்கம் என்ன? மக்களாட்சியைக் காக்கவே போர் என்றால், அந்த மக்களாட்சி இந்தியாவுக்கும் உண்டா?

இது அரசியல்வாதிகளின் கேள்வி மட்டுமன்று, அறநெறியின் கேள்வியுமாகும். ஒரு போர் நீதியானதாக இருக்க மூன்று நிபந்தனைகளைப் புனித தாமஸ் அக்குவினாஸ் வகுத்தார்: உரிமையுள்ள அதிகாரம் அதனை நடத்த வேண்டும், காரணம் நேர்மையானதாக இருக்க வேண்டும், நோக்கம் தூயதாக இருக்க வேண்டும். இட்லரை எதிர்ப்பதற்கான காரணம் நேர்மையானதே. ஆனால் இந்திய மக்களின் இசைவு பெறாத அதிகாரம் அவர்களைப் போரில் இறக்கலாமா? ஒரு கண்டத்தில் விடுதலை பேசி, மறு கண்டத்தில் அதை மறுப்பவரின் நோக்கம் தூயதா? ஒரு நிபந்தனை நிறைவேறியதால் மற்ற இரண்டும் நிறைவேறிவிட்டதாக ஆகாது.

அக்டோபர் 17ஆம் நாள் வைசிராய் அளித்த மறுமொழி, என்றோ கிடைக்கும் டொமினியன் அந்தஸ்து என்ற பழைய வாக்குறுதியைத் தாண்டவில்லை. அம்மாத இறுதியில் சென்னை மாகாணத்தில் இராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. 1941 ஆகஸ்டில் வெளியான அட்லாண்டிக் சாசனம், மக்கள் தம் ஆட்சிமுறையைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையைப் பறைசாற்றியது. அடுத்த மாதமே, அது நாசிகளின் நுகத்தடியில் உள்ள ஐரோப்பிய நாடுகளையே முதன்மையாகக் கருதியது எனச் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்தார். ஐயப்பட்டவர்களின் ஐயம் வீணன்று என்பதை அவரது வாயே மெய்ப்பித்தது.

எனினும் ஐயப்பட்டவர்களின் நிலை எளிதாக இல்லை. 1942 பெப்ருவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் சப்பானியக் குண்டுகள் விழுந்தன. பகைவன் வாசலில் நிற்கும்போது ஆட்சியாளரை வெளியேறச் சொல்வது தகாது என வாதிட்டு, இராஜாஜி காங்கிரசிலிருந்தே விலகினார். நேர்மையான இருவர் ஒரே கேள்விக்கு இரு விடை காணக்கூடும் என்பதற்கு அவர் சான்று.

கேள்விக்கு உரிய பதில் கிடைக்காதபோது அது அடங்கிவிடுவதில்லை. 1942 ஆகஸ்ட் 26ஆம் நாள் இரவு, போருக்கெனச் சூலூரில் அமைக்கப்பட்டிருந்த விமானத் தளம் தீக்கிரையாக்கப்பட்டது. கொங்கு நாட்டின் சிற்றூர்களில் பலர் சிறைப்பட்டுத் துன்புற்றனர். தீ வைத்ததை நாம் போற்றவில்லை. ஆயினும் மூன்றாண்டுகளாகச் சொல்லால் கேட்கப்பட்டதற்குச் சொல்லால் விடை கிடைத்திருந்தால் அந்த இரவு நேர்ந்திருக்குமா என எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அதே ஆண்டுகளில் 25 இலட்சம் இந்தியர் படையில் பணியாற்றினர். ஏறத்தாழ 87,000 பேர் உயிர் நீத்தனர். கட்டாய ஆள்சேர்ப்பு இல்லை; ஆனால் வறுமை பலரைப் பாசறைக்கு அனுப்பியது. போரின் நோக்கத்தை ஐயுறுவது இவர்களை இழிவுபடுத்துவதாகாது. எதற்காகத் தம் பிள்ளை இறந்தான் என்று அறியும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. அவள் சார்பில் முன்கூட்டியே கேட்கப்படும் கேள்வியே அந்த ஐயம்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நாட்டுக்காகப் படையில் பணிபுரிவோரை மக்களின் பாதுகாப்புக்கும் விடுதலைக்கும் பணியாற்றுவோர் எனப் போற்றியது. மனச்சான்றின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுப்போரைச் சட்டம் மனிதநேயத்தோடு நடத்த வேண்டும் என்றும் கூறியது. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்பதே நமக்குள்ள கடமை. போர் முரசு கொட்டும்போது, அதிகாரம், காரணம், நோக்கம் ஆகிய மூன்றையும் பற்றி அமைதியாகக் கேட்பவரைத் துரோகி என்று அழைக்கும் கூட்டத்தில் நாம் சேராதிருப்போமாக.