சைரஸ் கிங்ஸ்பரி என்ற யாழ்ப்பாணத்தார்

பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னால் உங்கள் டேனிஷ் நண்பர்களுக்கு வேலை சுலபம். பழைய தேவாலயப் பதிவேடுகளை டென்மார்க் தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் போட்டிருக்கிறது. எங்களில் பலருக்கு மரம் அம்மம்மாவின் அப்பாவோடு நின்றுவிடுகிறது.

ஆனால் சில யாழ்ப்பாணக் குடும்பங்களின் தடம் நாங்கள் தேடாத ஓர் இடத்தில் இருக்கிறது: அமெரிக்காவில்.

1816ல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரியும், 1824ல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியும் தொடங்கினார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு அமெரிக்காவில் இருந்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அவர்கள் விரும்பிய பெயர்கள் பல பிள்ளைகளுக்கு வைக்கப்பட்டன. மிஷனரிமார் பொஸ்டனுக்கு எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஹௌட்டன் நூலகத்தில் உள்ளன.

அங்கே தேடுபவருக்குப் பெயரே முதல் சிக்கல். சி.வை. தாமோதரம்பிள்ளையைப் பாருங்கள். 1832ல் சிறுப்பிட்டியில் பிறந்தார், வட்டுக்கோட்டையில் படித்தார், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார், 1887ல் கலித்தொகையை அச்சேற்றினார். ‘சி’ என்பது சிறுப்பிட்டி. ‘வை’ என்பது தகப்பன் வைரவநாதர். மிஷன் வைத்த பெயரோ சைரஸ் கிங்ஸ்பரி! அவருடைய மகன் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்று அறியப்பட்டார். வைரவநாதர், தாமோதரம்பிள்ளை, கிங்ஸ்பரி: பெயரை மட்டும் பார்த்தால் இவர்கள் மூன்று தலைமுறை என்று யார் சொல்வார்?

இது எங்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் அல்ல. முன்பு டென்மார்க்கிலும் சோரனின் மகன் சோரன்சன், யென்ஸின் மகன் யென்சன். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறியது. 1828ல் வந்த அரசாணை குடும்பப் பெயரை நிலையாக்கச் சொன்னது. ஊர்ப்புறங்களில் அந்தப் பழக்கம் மாற இன்னும் பல ஆண்டுகள் எடுத்தன. அதனால் டேனிஷ் வம்சாவளி தேடுபவர்கள் பெயரோடு ஊரையும் பண்ணையையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

நாங்களும் அப்படித்தான் தேட வேண்டும். ஊர், கோயில், தகப்பன் பெயர், காணிப் பெயர் எல்லாம் வேண்டும். பழைய காணி உறுதி வீட்டில் இருந்தால் வாசித்துப் பாருங்கள். காணி முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, யாரிடமிருந்து வந்தது என்று அதில் இருக்கும். பூட்டியின் பெயர்கூடக் கிடைக்கலாம்.

மிஷன் பதிவுகளில் எல்லோரும் இல்லை. அந்தப் பள்ளிகளுக்குப் போகாதவர்கள், போக விடப்படாதவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். ஒரு குடும்பத்தின் பெயர் அங்கே இல்லை என்றால் அதற்கு வரலாறு இல்லை என்று அர்த்தமல்ல.

1981ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. பின்னர் போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ வீடுகளின் உறுதிகளும் படங்களும் போய்விட்டன. கடல் தாண்டிப் போன காகிதங்கள் தப்பின. ஆனால் அந்தக் காகிதத்தில் இருப்பவர் உங்கள் பூட்டனா என்று சொல்ல, ஊரையும் உறவையும் அறிந்த ஒருவர் வேண்டும். அவர் இப்போது ஓர்ஹூஸிலோ ஹெர்னிங்கிலோ உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: உங்கள் அப்பப்பாவின் பெயர் என்ன? எந்த ஊர்? எங்கே படித்தார்? பதிலை அவருடைய குரலிலேயே பதிவு செய்து வையுங்கள்.