யாருடைய கழுத்தில் எடை?



சென்ற ஆண்டு நம் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மாணவி வந்தார். தன் குடும்பத்தில் முதலில் கல்லூரிப் படி ஏறியவர். அவருடைய ஆங்கில வகுப்பில் ஓர் அமெரிக்கச் சிறுகதையை நடத்தி முடித்த ஆசிரியர், "எல்லாரையும் சமமாக்கப் போனால் என்ன ஆகும் என்று இப்போது புரிகிறதா?" என்று கேட்டாராம். உடனே சிலர் திரும்பி இவரைப் பார்த்திருக்கிறார்கள். கதையில் இடஒதுக்கீடு என்ற சொல்லே கிடையாது. ஆனாலும் யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு அந்தக் கதையின் வரலாற்றையே எடுத்துக்கொண்டோம்.

கதையின் பெயர் 'ஹாரிசன் பெர்ஜெரான்'. எழுதியவர் கர்ட் வானெகட். 1961 அக்டோபரில் ஒரு விஞ்ஞானப் புனைகதை இதழில் வெளிவந்தது. கதை நடப்பது 2081இல். அரசியல் சாசனத்தின் 211, 212, 213ஆம் திருத்தங்கள் எல்லாரையும் சமமாக்கிவிட்டன. அழகானவர் முகமூடி போட வேண்டும். பலசாலி எடை சுமக்க வேண்டும். அறிவாளியின் காதில் ஒரு கருவி. இருபது விநாடிக்கு ஒருமுறை அரசாங்கம் அதில் பேரொலி எழுப்பி அவர் சிந்தனையைக் கலைக்கும். ஹாரிசனின் தந்தை ஜார்ஜ் கழுத்தில் 47 பவுண்டு ஈயக் குண்டுப் பையைப் பூட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் கண்காணிப்பவர் டயானா மூன் கிளாம்பர்ஸ் என்ற பெண் அதிகாரி. அவர் பதவியின் பெயர் குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. வேகமான குதிரை மீது கூடுதல் எடை ஏற்றிப் பந்தயத்தைச் சமன்செய்கிறார்கள் அல்லவா, அந்த வேலையை மனிதர்களுக்குச் செய்கிறவர்.

பதினான்கு வயது ஹாரிசன் சிறையிலிருந்து தப்பித் தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைகிறான். தன் மேலிருந்த இரும்பையெல்லாம் பிய்த்தெறிகிறான். ஒரு நடன மங்கையோடு கூரையைத் தொடும் அளவுக்குத் துள்ளி ஆடுகிறான். கிளாம்பர்ஸ் வந்து துப்பாக்கியால் இருவரையும் சுட்டுக் கொல்கிறார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்து அழும் தாய்க்கு எதற்காக அழுகிறோம் என்பது அடுத்த நிமிடமே மறந்துபோகிறது.

நல்ல கதை. அதை மறுக்க நாம் வரவில்லை. ஆனால் வகுப்பறையில் தாண்டிப் போகிற இரண்டு இடங்களில் நாம் நின்று பார்க்க வேண்டும்.

தொலைக்காட்சி நிலையத்துக்குள் நுழைந்ததும் ஹாரிசன் செய்கிற முதல் காரியம், தானே சக்கரவர்த்தி என்று அறிவிப்பது. எல்லாரும் தன் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறான். இசைக் கலைஞர்களிடம், நன்றாக வாசித்தால் உங்களைப் பிரபுக்களாக்குவேன் என்கிறான். விடுதலை கிடைத்த நொடியில் அவன் கேட்பது சிம்மாசனம்! கூடத்தில் இருந்த மற்றவர்களின் பூட்டை அவிழ்க்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நடன மங்கையின் கட்டையும் கலைஞர்களின் கட்டையும் மட்டும் கழற்றுகிறான். அதுவும் தன் ஆட்டத்துக்காக.

இன்னோர் இடம் சிறியது. திக்கித் திக்கிச் செய்தி வாசிக்கும் அறிவிப்பாளரைப் பார்த்து, இவ்வளவு முயற்சி செய்கிறாரே, சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கலாம் என்கிறார் தாய். ஆக, சம்பள வேறுபாடு அந்தச் 'சமத்துவ' நாட்டிலும் இருக்கிறது. நிலம் யாரிடம், ஆலை யாரிடம் என்று கதை கேட்கவே இல்லை. நிறம் பற்றியும் ஒரு சொல் இல்லை. சோசலிசத் தலைவர் யூஜின் டெப்ஸைப் போற்றிய வானெகட் இதையெல்லாம் தெரியாமல் விட்டிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. சமத்துவத்தைப் பற்றி வசதி படைத்தவர்கள் காணும் கெட்ட கனவைத்தான் அவர் கிண்டல் செய்தார் என்று வாசிக்கும் விமர்சகர்கள் உண்டு. நம் வாசிப்பும் அதை ஒட்டியதே.

அவர் எண்ணம் எதுவானாலும், கதை வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்தது? அந்த ஆண்டு மார்ச்சில்தான் ஜனாதிபதி கென்னடி, அரசு ஒப்பந்தக்காரர்கள் வேலைக்கு ஆளெடுப்பதில் இனப் பாகுபாடு கூடாது என்றும், அதை உறுதிசெய்ய முனைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டார். அதே நேரத்தில் வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரத்தில் அரசுப் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. கறுப்பினப் பிள்ளைகளை வெள்ளைப் பிள்ளைகளோடு உட்கார வைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதால், பள்ளியே வேண்டாம் என்று 1959இல் பூட்டிவிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாரானது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் ஆண்டுக்கணக்கில் பள்ளியில்லாமல் வளர்ந்தார்கள். சிந்தனையைக் கலைக்க அவர்கள் காதில் கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பூட்டு போதுமானதாக இருந்தது.

இன்னும் பின்னால் போவோம். அடிமைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுப்பதைத் தென் கரோலினா 1740இல் சட்டம் போட்டுத் தடுத்தது. அவர்கள் எந்த வகைத் துணி உடுத்தலாம் என்பதையும் அதே சட்டம் வரையறுத்தது. தப்பியோடிப் பிடிபட்ட அடிமைகளின் கழுத்தில் மணி கட்டிய இரும்பு வளையத்தைப் பூட்டினார்கள். அசைந்தால் மணி ஒலிக்கும். ஓட முடியாது, ஒளிய முடியாது. கழுத்தில் பூட்டிய எடையும் காதருகே ஓயாத சத்தமும் 2081இன் கற்பனை அல்ல. திறமையை அரசே முடக்கியது பழைய வரலாறு. யாருடைய திறமை என்பதில்தான் கதை தலைகீழாகிறது.

இராமநாதபுரத்தில் 1930, 1931 ஆண்டுகளில் ஆதிக்க சாதியினர் நம் மக்கள் மீது விதித்த தடைகளை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது, சட்டை கூடாது, குடை, செருப்பு கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அழகுக்கு முகமூடி, அறிவுக்குப் பூட்டு என்று நம் ஊரிலும் ஓர் 'எடை இலாகா' இருந்தது. அதற்குச் சாசனத் திருத்தம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கதையை யார் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள் என்பதும் வரலாறுதான். 'நேஷனல் ரிவ்யூ' என்ற வலதுசாரி இதழ் 1965இல் இதை மறுபதிப்பு செய்தது. கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறிய ஆண்டு அது. எண்ணிக்கையில் குறைந்தாலும் தென்மாநிலங்களில் வெள்ளையரே ஆதிக்கம் செலுத்த உரிமையுள்ளவர்கள், இப்போதைக்கு அவர்களே முன்னேறிய இனம் என்று 1957இல் தலையங்கம் எழுதியதும் இதே இதழ்தான். பின்னர் 2001இல், கால் ஊனமுற்ற கேசி மார்ட்டின் என்ற கோல்ஃப் வீரர் போட்டியில் வண்டியைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நீதிபதி ஸ்கேலியா தம் மாறுபட்ட தீர்ப்பை இந்தக் கதையைச் சுட்டித்தான் முடித்தார். நடக்க முடியாதவர் கேட்ட வண்டியில் அவருக்குக் கிளாம்பர்ஸின் துப்பாக்கி தெரிந்திருக்கிறது.

கதைக்கு 25 ஆண்டுகள் முன்பே, 1936இல், 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார். மனிதர்கள் திறமையில் சமமில்லை என்பதை அவர் மறுக்கவில்லை. ஒருவருடைய ஆற்றல் மூன்றைப் பொறுத்தது என்றார்: பிறவி, குடும்பமும் சமூகமும் தரும் சொத்து, சொந்த முயற்சி. முயற்சியில் வேறுபடுகிறவர்களை வேறாக நடத்துவது சரியாக இருக்கலாம். முதல் இரண்டிலும் வேறாக நடத்தினால் நாம் தேர்ந்தெடுப்பது திறமைசாலியை அல்ல, சலுகை பெற்றவரை என்றார். ஹாரிசனின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் இந்த நடுப்பகுதியைத்தான் படிக்காமல் தாண்டுகிறார்கள்.

சரி, அடிமைத்தனத்தின் நினைவுள்ளவர்கள் கெட்ட எதிர்காலத்தை எப்படி எழுதினார்கள்? 'வால்நட்சத்திரம்' என்ற கதையை டூ பாய்ஸ் 1920இல் வெளியிட்டார். வங்கியின் கடைநிலை ஊழியன் ஜிம் கறுப்பினத்தவன். ஆபத்தான அடித்தளப் பெட்டகத்துக்கு அவனை அனுப்புகிறார்கள். அதனாலேயே விஷக்காற்றில் நியூயார்க் முழுதும் சாகும்போது பிழைக்கிறான். அவனும் ஒரு பணக்கார வெள்ளைப் பெண்ணும் மட்டும் மிஞ்சியதாக நினைத்திருக்கும் சில மணி நேரம், இருவரும் மனிதர்களாக நேருக்கு நேர் பார்த்துக்கொள்கிறார்கள். வெளியூரிலிருந்து அவள் தந்தையும் கூட்டமும் வந்ததும் அவன் மறுபடி கறுப்பன். அவனைக் கொல்லலாம் என்ற குரலும் எழுகிறது.

டெரிக் பெல், மிசிசிப்பியில் பள்ளி வழக்குகளை நடத்திய வழக்கறிஞர். பிறகு ஹார்வர்டில் சட்டப் பேராசிரியர். 1992இல் வந்த அவர் நூலின் தலைப்பு, கிணற்றின் அடியில் தெரியும் முகங்களைப் பற்றியது. கிணறு என்றால் நமக்கு வேறு நினைவுகளும் வரும். அதில் 'விண்வெளி வணிகர்கள்' என்றொரு கதை. 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் வேற்றுக்கிரகத்தார் அமெரிக்கக் கரையில் இறங்குகிறார்கள். அரசின் கடன் தீரத் தங்கம், மாசைப் போக்க வேதிப்பொருள், பாதுகாப்பான அணுசக்தி எல்லாம் தருவதாகச் சொல்கிறார்கள். விலை, நாட்டின் கறுப்பின மக்கள் அனைவரும். இந்தக் கதையிலும் ஒரு சாசனத் திருத்தம் வருகிறது, மக்கள் வாக்களிக்கிறார்கள். நூற்றுக்கு எழுபது பேர் சம்மதம் சொல்கிறார்கள். எல்லாம் முறைப்படி, சட்டப்படி நடக்கிறது. ஜனவரி 17 அன்று, மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளில், உள்ளாடை மட்டும் அணிந்த மக்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு வரிசையாகக் கப்பலேறுகிறார்கள்.

அந்த மாணவி இந்தக் கதையைத் தமிழில் சொல்லிப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். அடுத்த மாத வாசிப்பு வட்டத்தில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறோம். வகுப்புத் தோழர்களையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.