கோப்பை இல்லாத கலை, கூடி வளர்ந்த கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும், ஆனால் "தயவுசெஞ்சு உங்க வேலையைப் பத்தி எழுதிடாதீங்க" என்று மலர்க்குழு நண்பர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என்ஜினீயர்களுக்கு இது ஒரு சோதனைதான்! ஆகவே, எனக்குப் பிடித்த வேறொரு விஷயத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன்: ஐகிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை.

கராத்தே எல்லோருக்கும் தெரியும். ஸ்டீவன் சீகல் படம் பார்த்தவர்களுக்கு ஐகிடோவும் தெரிந்திருக்கும். எதிராளி பாய்ந்து வருவார், ஹீரோ மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்புவார், வந்தவர் பல்டியடித்து விழுவார். ஆனால் இந்தக் கலையில் என்னைக் கவர்ந்தது வேறு. ஐகிடோவின் பெரும்பாலான பிரிவுகளில் போட்டியே கிடையாது. கோப்பை இல்லை, பைனல்ஸ் இல்லை. நம்ம ஊர் கிரிக்கெட் டீமைக் கட்டிவைத்திருப்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச். மேட்சே இல்லாத ஒரு கூட்டம் எதை நம்பி இத்தனை காலம் பிரியாமல் நிற்கிறது?

ஐகிடோவை உருவாக்கியவர் மொரிஹெய் உஎஷிபா. 1883ல் பிறந்தவர். 1931ல் டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் 'கோபுகான்' என்ற பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். பயிற்சிக்கூடத்துக்கு ஜப்பானில் 'டோஜோ' என்று பெயர். பயிற்சியின் கடுமையைப் பார்த்து அக்கம்பக்கத்தில் அதை 'நரக டோஜோ' என்றார்களாம். யார் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்துவிட முடியாது, தக்கவர்களின் பரிந்துரை வேண்டும். குருவோடு கூடவே தங்கி, கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை செய்து கற்ற மாணவர்களும் இருந்தார்கள். கிட்டத்தட்ட நம்ம ஊர் குருகுலம்தான்.

1942ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, உஎஷிபா டோக்கியோவை விட்டு இபராகி மாநிலத்தில் உள்ள இவாமா என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே ஒரு சிறு கோயில், ஒரு டோஜோ, சுற்றிலும் வயல். 1945ல் போர் முடிந்ததும் தற்காப்புக் கலைகளுக்கு நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு நிர்வாகம் கட்டுப்பாடு போட்டது. அந்தக் காலத்தில் இவாமாவில் கொஞ்சம் பேர் விவசாயமும் பயிற்சியுமாகக் காலம் தள்ளினார்கள். 1946ல் அங்கே வந்து சேர்ந்தான் 18 வயது இளைஞன் ஒருவன், பெயர் மொரிஹிரோ சைட்டோ. உத்தியோகம் ரயில்வேயில். ஒரு நாள் முழுக்க டூட்டி, மறுநாள் முழுக்க ஓய்வு. ஓய்வு நாளெல்லாம் குருவின் வயலிலும் டோஜோவிலும் கழிந்தது. 1969ல் குரு மறையும்வரை அவரும் அவர் மனைவியும் அந்த வீட்டுக்குப் பிள்ளைபோல் உழைத்தார்கள். 2002ல் தான் இறக்கும்வரை சைட்டோ இவாமாவை விட்டுப் போகவில்லை. ஷிப்ட் டூட்டி பார்க்கும் நம் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்!

டோக்கியோவில் நிலைமை வேறு. குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்கள் டோஜோவுக்குள்ளேயே குடியிருந்தன. உஎஷிபாவின் மகன் கிஷோமாரு பகலில் ஒரு பங்குவர்த்தக நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே டோஜோவைக் காப்பாற்றினார். 1948ல் 'ஐகிகாய்' அமைப்புக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தது. 1950களில் கதவு பொதுமக்களுக்கும் திறந்தது. டோக்கியோவில் ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மொட்டைமாடியில்கூடச் செய்து காட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் கல்லூரிகள் கதைக்குள் வருகின்றன. உஎஷிபாவின் மூத்த மாணவரான கென்ஜி டொமிகி, வஸேதா பல்கலைக்கழகப் பேராசிரியர். ஜூடோவிலும் கைதேர்ந்தவர். 1958ல் அங்கே ஐகிடோ கிளப் தொடங்கினார். பல்கலைக்கழக விளையாட்டுக் கிளப் என்றால் போட்டி இருந்தாக வேண்டும். டொமிகியும், போட்டி இருந்தால்தான் கலை வளரும் என்று நம்பியவர். விதிமுறைகள் வகுத்துப் போட்டியைக் கொண்டுவந்தார். உஎஷிபாவோ போட்டியே கூடாது என்றவர். இருவர் வழியும் பிரிந்தது. டொமிகியின் பிரிவில் இன்றும் போட்டி நடக்கிறது.

போட்டி வேண்டாம் என்றவர்கள் அதற்குப் பதிலாக எதை வைத்தார்கள்? என் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. அவர்கள் வைத்தது பயிற்சி முகாமும் பந்தியும்!

முகாமின் முறை எளிமையானது. ஆசிரியர் நடுவில் நின்று ஓர் உத்தியை நாலைந்து முறை செய்து காட்டுவார். பிறகு எல்லோரும் ஜோடி ஜோடியாகப் பிரிந்து செய்ய வேண்டும். ஒருவர் பிடிக்க மற்றவர் தள்ளுவார், அப்புறம் மாற்றிக்கொள்வார்கள். விழுபவருக்கு 'உகே' என்று பெயர். அடிபடாமல் விழுவதும் எழுவதும் பாதிப் பாடம். சில நிமிடங்களில் ஆசிரியர் கை தட்டுவார். எல்லோரும் உட்கார்ந்து அடுத்த உத்தியைப் பார்க்க வேண்டும், பிறகு வேறு ஜோடி. இருபது வருடம் பயின்றவரும் போன மாதம் சேர்ந்தவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் ஆகணும். தன் உடம்பை எதிரில் இருப்பவரிடம் நம்பி ஒப்படைக்கிற வேலை இது. அவசரப்பட்டால் மணிக்கட்டு போய்விடும்.

மாணவர் கிளப்புகள் விடுமுறையில் வெளியூர் போய் ஒன்றாகத் தங்கிப் பயிற்சி செய்வதை 'காஷுகு' என்பார்கள். அதற்கு 'ஓபி' எனப்படும் பழைய மாணவர்களும் வருவதுண்டு. பாயில் ஜூனியர்களைப் புரட்டி எடுத்துவிட்டு, ராத்திரி சாப்பாட்டுச் செலவில் பெரும்பங்கைத் தாங்களே ஏற்பார்கள். சீனியர் ட்ரீட் என்பது நம் ஹாஸ்டலின் கண்டுபிடிப்பு என்று நினைத்தவர்கள் திருத்திக்கொள்ளலாம்!

ஜனவரியில் டோக்கியோ தலைமை டோஜோவில் புத்தாண்டு விழா. பதவி உயர்வுகள் அறிவிப்பார்கள், பிறகு அரிசிமாவு உருண்டை மிதக்கும் இனிப்புப் பயறுக் கஞ்சி. ஏப்ரல் 29ல் இவாமா கோயிலில் ஆண்டு விழா. பூஜை முடிந்து, உஎஷிபா குடும்பத்தின் இன்றைய தலைவர் கலையைக் காணிக்கையாகச் செய்து காட்டுவார். அதன்பின் வந்தவர்கள் மரத்தடியில் விரிப்பு போட்டு உட்கார்ந்து, சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, சாக்கே ஊற்றிக்கொள்வார்கள். வழிபாட்டுக்குப் பின் சேர்ந்து உண்பதற்கு 'நவோராய்' என்று பெயர். நம் கோயில் பிரசாதம் மாதிரிதான். அங்கே அவரவர் கிண்ணத்தை அவரவரே நிரப்பிக்கொள்வது வழக்கமில்லை, பக்கத்தில் இருப்பவர் கவனித்து ஊற்ற வேண்டும். நம்ம பந்தியில் "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்பது போல.

சேர்ந்து சாப்பிட்டால் சண்டையே வராது என்று நான் சொல்ல வரவில்லை. 1953ல் கொய்ச்சி டோஹெய் ஹவாய்க்குப் போய் அங்கே ஐகிடோவை வேரூன்றச் செய்தார். 1961ல் 77 வயதில் உஎஷிபாவே ஹவாய்க்குப் போனார். அப்படிப்பட்ட டோஹெய் 1974ல் ஐகிகாயை விட்டு விலகித் தனி அமைப்பு நடத்தினார். ஹவாயிலும் அமெரிக்காவிலும் பல டோஜோக்கள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நிற்க வேண்டியதாயிற்று. சைட்டோ இறந்த பிறகு அவர் மகனும் தனி அமைப்பு கண்டார். நேற்றுவரை ஒரே பாயில் விழுந்தெழுந்தவர்கள் தனித்தனி முகாம்களுக்குப் போக ஆரம்பித்தார்கள். உத்திகள் பெரிதாக மாறிவிடவில்லை. மாறியது, யார் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான். நிஜமான இழப்பு அதுதானே?

2020ல் கோவிட் இன்னொரு சோதனை வைத்தது. கையைப் பிடிக்காமல் ஐகிடோ ஏது? டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் ஆண்டுதோறும் நடக்கும் பெரிய செயல்விளக்க விழா அந்த ஆண்டு ரத்தானது. மரவாளையும் தடியையும் வைத்துத் தனியாகப் பயிற்சி செய்யலாம், செய்தார்கள். ஆனால் தனியாக எவ்வளவு செய்தாலும் 'உகே' கிடைக்க மாட்டார்.

நம் பழைய மாணவர் சங்கத்துக்கும் கோப்பை கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை கூடுகிறோம், பேசுகிறோம், சாப்பிடுகிறோம், கலைகிறோம். "இதனால என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கு அந்தச் சாப்பாடே பிரயோஜனமாகத் தெரிகிறது. ஒரு குறை மட்டும் சொல்லலாமா? பந்தியில் அவரவர் பேட்ச் அவரவர் மேஜை என்றே பிரிந்து உட்கார்ந்துவிடுகிறோம். இன்று படிக்கிற மாணவர்கள் பரிமாறுவதோடு சரி. இந்த முறை சங்கத் தலைவர் ஐகிடோ ஆசிரியர் மாதிரி ஒரு தடவை கை தட்டட்டும். சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள் எல்லோரும் இலையோடு இடம் மாறி, பெயர் தெரியாத ஒரு தம்பியின் அல்லது தங்கையின் பக்கத்தில் போய் உட்காருவோம். "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்று ஆரம்பித்தால் போதும்.