ஒரே பனிக்குடத்தில் இரட்டையர்: முதல் ஸ்கேனில் என்ன கேட்க வேண்டும்?

இரட்டைப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சதும் வீடே குஷியாகிவிடும். ஆனா நீங்கள் டாக்டரிடம் உடனே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ரெண்டு பேருக்கும் நடுவுல சவ்வு தெரியுதா?"

ஏன் கேட்கணும்?
பெரும்பாலான இரட்டையருக்குத் தனித்தனிப் பனிக்குடம் இருக்கும். கருத்தரித்து 8 முதல் 13 நாளுக்குள் கரு இரண்டாகப் பிரிந்தால், இருவரும் ஒரே பனிக்குடத்தில் வளர்வார்கள். நடுவில் தடுப்பு இல்லாததால் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும். அவை இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்படும், உயிருக்கே ஆபத்து.

எப்போது தெரியும்?
14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் சவ்வு தெளிவாகத் தெரியும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

என்ன செய்வார்கள்?
பின்னிய கொடியைப் பிரித்துவிட முடியாது; கண்காணிப்புதான் வழி. அடிக்கடி ஸ்கேன் எடுப்பார்கள். பல மருத்துவமனைகள் 24 முதல் 28 வாரத்துக்குள் தாயை வார்டில் சேர்த்து, குழந்தைகளின் இதயத்துடிப்பைத் தினமும் பார்க்கும். நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டு, பொதுவாக 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன் செய்வார்கள். குறைமாதம்தான், ஆனா அதற்கு மேல் காத்திருப்பதில் ஆபத்து அதிகம்.

செர்காமில் இருந்தால்?
செர்காம் ஜாசின் மாவட்டத்தில் உள்ளது. மாநிலத்தின் நிபுணத்துவ மருத்துவமனையான மலாக்கா மருத்துவமனை நகரில் இருக்கிறது. வாரக்கணக்கில் வார்டில் தங்க நேரலாம். வேலை விடுப்பு, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க. உடனே 999-க்கு அழையுங்கள்.